மாணவர் காங்கிரசும் சமாசனமும்

நம் பாடசாலைகளில் இப்பொழுது மாணவர் பாராளுமன்றங்கள் கூடுகின்றன. பிரேரணையும் எதிர்வாதமும் முடிந்தபின் உறுப்பினர் வகுப்புக்குத் திரும்புவர். தீர்மானம் ஏட்டில் இருக்கும். ஏட்டோடு நில்லாத மாணவர் சபையொன்று நூறாண்டுக்கு முன் யாழ்ப்பாணத்திற் கூடியதுண்டு.

1924ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவருள் முதன்மையானவர் ஹண்டி பேரின்பநாயகம். மாணவரும் இளம் ஆசிரியரும் ஆண்டுதோறும் மாநாடு கூடித் தாய்மொழிக் கல்வி, சுதேசியம், தீண்டாமை ஒழிப்பு ஆகியனபற்றி ஆராய்ந்தனர். 1927இல் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்ததும் இவர்கள் அழைப்பின்பேரிலேயாம்.

மண்டபத்தில் தீண்டாமையைக் கண்டித்தல் எளிது. உண்மைச் சோதனை வகுப்பறையில் நேர்ந்தது. தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகள் அந்நாளிற் பல பாடசாலைகளிலே தரையில் இருந்தே கற்றனர். உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமாசனம் அளித்தல் வேண்டுமென அரசாங்கம் பணித்தபோது எதிர்ப்பு மூண்டது. 1930இற் சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ஒரு வாங்கிற்காகப் பள்ளியையே எரித்த சமூகம் நம்முடையது என்பதை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று. காங்கிரசார் சமாசனத்தின் பக்கமே நின்றனர். தம் சுற்றத்தாரையே எதிர்த்து நின்றமையின் அது பாராட்டத்தக்கது.

எனினும் அடுத்த ஆண்டு அவர்கள் செய்தது வேறு. டொனமூர் அரசியற்றிட்டம் 21 வயது நிரம்பிய ஆண் பெண் அனைவர்க்கும் வாக்குரிமை வழங்கியது. அதற்குமுன் குடித்தொகையில் நூற்றுக்கு நால்வரளவினரே வாக்காளர். தரையிலிருத்தப்பட்ட குலத்தாருக்கும் முதன்முறையாக வாக்கு வந்தது. ஆனால், இத்திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லையென்று, வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்றிருந்த அச்சபை 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி வேண்டியது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் நியமனப் பத்திரம் ஒன்றேனும் தாக்கலாகவில்லை.

கொள்கையளவில் அவர்கள் கோரிக்கை தூயது. கோழைகள் என்று அவர்களை எவரும் சொல்லார். ஆயினும் புதிதாய் வாக்குப் பெற்ற ஏழையிடம் அவ்வாக்கை விட்டுக்கொடுக்கச் சம்மதமா என்று கேட்டவர் யார்? அப்பகிஷ்கரிப்பைப் புகழ்ந்தெழுதுவோர் இவ்வினாவைப் பெரும்பாலும் தொடுவதில்லை. 1934இல் இடைத்தேர்தல் நடைபெறும்வரை அரசாங்க சபையில் அந்நான்கு ஆசனங்களும் வெறுமையாய்க் கிடந்தன.