தாள் அழிந்தாலும் தகவல் அழியாதிருக்க: ஆவணங்களைக் கைத்தொலைபேசியில் பாதுகாப்பது எப்படி?

வன்னியில் இடப்பெயர்வுக்கு மேல் இடப்பெயர்வாக ஓடிய குடும்பங்கள் பல, பாத்திரம் பண்டங்களை வழியில் விட்டாலும் ஒரு பையை மட்டும் விடவில்லை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அந்தப் பைக்குள்தான் இருந்தன. பங்கருக்குள்ளோ நந்திக்கடலைக் கடக்கும்போதோ அந்தப் பையையும் இழந்தவர்கள், 2009 மே மாதத்துக்குப் பின்னர் தாங்கள் யார் என்பதை நிரூபிப்பதற்கே அலைய வேண்டியிருந்தது.

இன்று அந்தப் பை முன்னரைவிடப் பாரமாகியிருக்கிறது. பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013 இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழு, 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என ஒவ்வொரு வாசலிலும் கிடைத்த தாள்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. மையோ மங்குகிறது. மழையும் கறையானும் ஒரு பக்கம். பதினைந்து வருடத்துக்கு முந்தைய போட்டோக்கொப்பியில் எழுத்தே தெரியாத நிலை.

அதே வீட்டில் ஒரு ஸ்மார்ட் தொலைபேசியும் இருக்கிறது. வெளிநாட்டு உறவுகளுடன் கதைக்கவும் யூடியூப் பார்க்கவும் மட்டுமே பயன்படும் அந்தத் தொலைபேசி, இந்தப் பைக்கு ஒரு பிரதியாகவும் இருக்க முடியும். அதற்குப் புதிய செயலி எதுவும் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை.

எவற்றை முதலில் எடுப்பது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். இழந்தால் திரும்பப் பெறக் கடினமானவற்றை முதலில் எடுங்கள்.

• அடையாள ஆவணங்கள்: தேசிய அடையாள அட்டையின் இரு பக்கங்களும், பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்களும். இலக்கம், திகதி, பதிவுப் பிரிவு ஆகியவை படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். புதிய பிரதிக்கு விண்ணப்பிக்கும்போது தேடலை இலகுவாக்குபவை இவைதான்.

• காணி ஆவணங்கள்: உறுதியின் எல்லாப் பக்கங்களையும் எடுங்கள். உறுதி இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசின் பெயர், காணிப் பதிவகத்தின் பதிவு விபரம் ஆகியவை இருந்தால், மூல உறுதி தொலைந்தாலும் காணிப் பதிவகத்தில் பிரதி பெற வழி இருக்கிறது. அரச காணி என்றால் அனுமதிப்பத்திர இலக்கமும் துண்டு இலக்கமும் முக்கியம். அதன் பதிவு பிரதேச செயலகத்தில் இருக்கும்.

• தேடல் ஆவணங்கள்: முறைப்பாட்டுத் துண்டுகள், ஆணைக்குழுக்களின் பதிவு இலக்கங்கள், கடிதங்கள், கடித உறைகள். உறையில் உள்ள தபால் முத்திரைத் திகதியும் ஒரு சான்று.

• மருத்துவ ஆவணங்கள்: காயத்துக்குச் சிகிச்சை பெற்ற துண்டுகள், கிளினிக் கொப்பி, உடலில் சன்னத் துண்டு இருப்பதைச் சொல்லும் அறிக்கை.

• புகைப்படங்கள்: குறிப்பாக, வீட்டில் ஒரேயொரு பிரதி மட்டும் உள்ளவை.

வெறும் கமராவை விட ஸ்கான் நல்லது

கமராவில் எடுத்தால் தாள் சரிந்து தெரியும், நிழல் விழும். அன்ட்ரொய்ட் தொலைபேசிகளில் பொதுவாக ஏற்கெனவே உள்ள கூகுள் டிரைவ் செயலிக்குள் ஸ்கான் செய்யும் வசதி இருக்கிறது. செயலியைத் திறந்து கூட்டல் அடையாளத்தையோ கமரா அடையாளத்தையோ அழுத்தினால் அது வரும். தாளின் ஓரங்களை அதுவே கண்டுபிடித்து வெட்டி, எழுத்தைத் தெளிவாக்கி, பல பக்கங்களை ஒரே பிடிஎப் கோப்பாகச் சேமிக்கும். ஐபோனில் குறிப்புகள் எழுதும் நோட்ஸ் செயலிக்குள் இதே வசதி உண்டு.

நிறத் தெரிவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றாதீர்கள். இறப்பர் முத்திரையின் நீல நிறமும் மங்கிய பேனா எழுத்தும் கறுப்பு வெள்ளையில் காணாமற் போய்விடும். தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் அதையும் எடுத்து வையுங்கள்.

அலுவலகத்தில் ஒரு மனுவைக் கையளிக்கும் நாளிலேயே, பெற்றுக்கொண்ட முத்திரையும் திகதியும் உள்ள உங்கள் பிரதியை ஸ்கான் செய்துவிடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் முடிவை அறிவிக்க வேண்டும். அந்த நாட்களை எண்ணத் தொடங்குவதற்கு அந்தத் திகதி தேவை.

பழைய புகைப்படத்தைப் பிரதி எடுக்கும்போது

லென்ஸை முதலில் மெல்லிய துணியால் துடையுங்கள். விரல் அடையாளம் பட்ட லென்ஸே மங்கலான படங்களுக்குப் பெரிய காரணம். படத்தை யன்னலோரம், நேரடி வெயில் படாத இடத்தில், ஒரே நிறத் துணியின் மேல் வையுங்கள். பிளாஷை நிறுத்துங்கள். தொலைபேசியைப் படத்துக்கு நேர் மேலே, சரியாமல் பிடியுங்கள். மிகக் கிட்டப் போனால் தொலைபேசியின் நிழல் விழும். ஓர் அடி உயரத்தில் இருந்து சற்றுப் பெரிதாக்கி எடுப்பது நல்லது. திரையில் முகத்தைத் தொட்டுக் குவியம் சரியான பின் எடுங்கள்.

கண்ணாடிச் சட்டத்தில் இருந்து இலகுவாக வந்தால் மட்டும் படத்தை வெளியே எடுங்கள். கண்ணாடியிலோ அல்பத்திலோ ஒட்டியிருந்தால் இழுக்க வேண்டாம், முகமே உரிந்துவிடும். வெளிச்சம் தெறிக்காத கோணத்துக்குச் சட்டத்தைத் திருப்பி அப்படியே எடுங்கள். படத்தின் பின்னால் பெயர், திகதி, ஸ்ரூடியோ முத்திரை இருந்தால் அதையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவால் 'தெளிவாக்க' வேண்டாம்

மங்கிய படத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் செயலிகள் இப்போது பல. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தச் செயலி மறைந்துபோன கண்ணையும் மூக்கையும் மீட்டெடுப்பதில்லை. தான் முன்னர் பார்த்த ஆயிரமாயிரம் முகங்களில் இருந்து ஊகித்துப் புதிதாக வரைகிறது. மகனின் தழும்பு, மச்சம், பல் இடைவெளி எல்லாம் அதில் மாறிப்போகலாம். சுவரில் மாட்டுவதற்கு அப்படி ஒன்று செய்வது உங்கள் விருப்பம். முறைப்பாட்டுடன் கொடுப்பதற்கும் அடையாளம் காட்டுவதற்கும் தொடாத பிரதியையே பயன்படுத்துங்கள். இரண்டையும் வேறு வேறு பெயரில் வையுங்கள்.

பெயரிட்டால்தான் தேடி எடுக்கலாம்

தொலைபேசி தானாகக் கொடுக்கும் இலக்கப் பெயரை வைத்துக்கொண்டு இரண்டு வருடத்துக்குப் பிறகு எதையும் தேட முடியாது. வருடம், ஆள், ஆவணம் என்ற ஒழுங்கில் பெயரிடுங்கள். உதாரணமாக, '2010-03 அண்ணா பொலிஸ் முறைப்பாடு'. வருடம் முன்னால் இருப்பதால் கோப்புகள் கால ஒழுங்கிலேயே அடுக்கப்படும். ஆணைக்குழு முன்னிலையிலோ சட்டத்தரணியிடமோ நடந்ததைச் சொல்லும்போது அந்த ஒழுங்கே பாதி வேலையைச் செய்துவிடும்.

மூன்று இடங்களில் வையுங்கள்

தொலைபேசிக்குள் மட்டும் இருப்பது பாதுகாப்பு ஆகாது. கிணற்றடியில் விழுந்தால் எல்லாம் போச்சு. தொலைபேசியில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று, நம்பிக்கையான உறவினர் ஒருவரிடம் மெமரி கார்ட்டிலோ பென் டிரைவிலோ ஒன்று என மூன்று பிரதிகள் வேண்டும். அந்த உறவினர் வேறு ஊரில் இருப்பது நல்லது.

கூகுள் கணக்கு ஒன்றுக்கு 15 ஜிபி இடம் இலவசம். ஸ்கான் செய்த ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு அது போதும். ஆனால் புகைப்படங்களும் ஜிமெயிலும் அன்ட்ரொய்ட் தொலைபேசியின் வட்ஸ்அப் காப்புப் பிரதியும் இதே 15 ஜிபிக்குள்தான் அடங்குகின்றன. காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் இடத்தை நிரப்பாமல் அவ்வப்போது அழித்துவிடுங்கள்.

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதன் தரம் குறைந்துவிடும். சின்ன எழுத்துகள் கலங்கும். இணைப்புக் குறியை அழுத்தி, படம் என்பதைத் தெரியாமல் டொக்கியூமென்ட் என்பதைத் தெரிந்து அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே போகும். மறையும் செய்திகள் என்ற வசதி இயங்கும் உரையாடலில் அனுப்பினால் குறித்த காலத்தின் பின் அது அழிந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது?

தொலைபேசி வாங்கிய கடையில் இருந்த பையனே ஜிமெயில் கணக்கையும் திறந்து கொடுத்திருப்பார். கடவுச்சொல் என்ன என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. தொலைபேசி பழுதானால் டிரைவில் இருப்பவையும் கைக்கு எட்டாமற் போகும். இன்றே அமைப்புகள் பகுதிக்குச் சென்று கணக்கின் முகவரியைப் பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றி, மீட்பு இலக்கமாக உங்கள் சொந்த இலக்கத்தைக் கொடுங்கள். இரண்டையும் ஒரு கொப்பியில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டு வருடங்கள் எந்த வகையிலும் பயன்படுத்தாத தனிப்பட்ட கணக்குகளை அழிக்கலாம் என்பது கூகுளின் விதி. ஆவணங்களுக்கென்று தனிக் கணக்கு வைத்திருந்தால் சில மாதங்களுக்கு ஒருமுறையாவது அதற்குள் சென்று வாருங்கள். அதேபோல் நீண்டகாலம் ரீலோட் செய்யாத சிம் துண்டிக்கப்பட்டு, அந்த இலக்கம் வேறொருவருக்குப் போகலாம். மீட்பு இலக்கமாகக் கொடுத்த சிம்மை உயிரோடு வைத்திருங்கள்.

பிறர் கையில் சிக்காதிருக்க

இந்த ஆவணங்களில் முகவரி, அடையாள அட்டை இலக்கம், பிள்ளைகளின் பெயர் எல்லாம் இருக்கின்றன. எனவே:

• திரைப் பூட்டு இல்லாமல் தொலைபேசி வைத்திருக்க வேண்டாம். பிறந்த வருடத்தைப் பின் இலக்கமாக வைக்காதீர்கள்.

• வட்ஸ்அப் அமைப்புகளில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி ஆறு இலக்கப் பின் ஒன்றைக் கொடுங்கள். குறுஞ்செய்தியில் வரும் இரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம்.

• கமரா அமைப்பில் இடத்தைப் பதியும் வசதியை நிறுத்துங்கள். அது இயங்கினால் படம் எடுத்த வீட்டின் அமைவிடமும் கோப்புடன் சேர்ந்து போகக்கூடும்.

• திருத்தக் கொடுக்கும் முன் மெமரி கார்ட்டையும் சிம்மையும் கழற்றுங்கள். ஆவணங்களின் பிரதி வேறு இடத்தில் இருப்பதை உறுதிசெய்து, தொலைபேசியில் இருப்பவற்றை அழித்துவிட்டுக் கொடுங்கள்.

• முறைப்பாட்டு ஆவணங்களை முழுமையாகப் பேஸ்புக்கில் இட வேண்டாம். காணாமல் ஆக்கப்பட்டவர் இருக்கும் இடம் தெரியும் என்று சொல்லிப் பணம் பறித்தவர்களிடம் ஏமாந்த குடும்பங்கள் பல. ஆவணத்தில் உள்ள விபரங்களைத் திருப்பிச் சொன்னாலே நம்பிக்கை வந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். பணம் கேட்கும் அழைப்பு வந்தால் இலக்கத்தையும் நேரத்தையும் குறித்து, திரைப்படம் எடுத்து வைத்து, வீட்டில் இன்னொருவருடன் கதைத்த பின்னரே எதையும் தீர்மானியுங்கள்.

எழுதப்படாதவற்றைக் குரலில் பதியுங்கள்

தேடிக்கொண்டிருக்கும்போதே கண்மூடிய தாய் தந்தையர் பலர். அவர்களுடன் ஊர், திகதி, கடைசியாகக் கண்ட இடம் என்பவையும் போய்விடுகின்றன. அம்மா சொல்வதைப் பதிவதற்குத் தொலைபேசியின் குரல் பதிவுச் செயலியே போதும். ஒரு மணி நேரப் பதிவு பொதுவாக 60 எம்பி அளவுக்குள் அடங்கும்.

பதிவு இடையில் தடைப்படாதிருக்க விமானப் பயன்முறையை இயக்குங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். தொடக்கத்தில் திகதி, இடம், பேசுபவரின் பெயர் மூன்றையும் சொல்லுங்கள். இடையில் குறுக்கிட்டுத் திருத்த வேண்டாம். சந்தேகங்களைக் கடைசியில் கேளுங்கள். அவர் களைத்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். அந்தப் பதிவை யார் கேட்கலாம், யாருக்குக் கொடுக்கலாம் என்பதை அவரே சொல்லட்டும், அதையும் பதியுங்கள்.

ஊர்ச் சங்கத்தின் பழைய மலர், பாடசாலைச் சஞ்சிகை, கோயில் மலர் போன்ற பொது ஆவணங்கள் உங்களிடம் இருந்தால், 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களை இணையத்தில் ஆவணப்படுத்திவரும் நூலகம் திட்டத்தினரைத் தொடர்புகொள்ளலாம்.

காயமடைந்தவர்களுக்குக் கைகொடுக்கும் வசதிகள்

விரல்களை இழந்தவர்களும் தட்டச்சுச் சிரமமானவர்களும் கூகுளின் ஜிபோர்ட் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, ஒலிவாங்கிக் குறியை அழுத்திப் பேசினால் எழுத்தாக விழும். ஒரு கடிதத்தை முழுமையாகச் சொல்லிவிட்டு, பெயர்களையும் இலக்கங்களையும் மட்டும் சரிபார்த்தால் போதும். ஷெல் சத்தத்தால் காது பாதிக்கப்பட்டவர்கள் அன்ட்ரொய்டில் லைவ் டிரான்ஸ்கிரைப் என்ற செயலியைத் தமிழுக்கு மாற்றி வைத்தால், எதிரில் இருப்பவர் பேசுவது திரையில் எழுத்தாக வரும். பார்வை குறைந்தவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கும் வசதியும், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டோக்பேக் வசதியும் அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் உள்ளன.

மூலத்தை வீசிவிட வேண்டாம்

தொலைபேசியில் உள்ள பிரதி, மூல ஆவணத்துக்குப் பதிலாகாது. அலுவலகங்களும் நீதிமன்றமும் மூலத்தையோ உறுதிப்படுத்திய பிரதியையோதான் கேட்கும். மூலம் தொலைந்தால் அது எங்கே, எந்த இலக்கத்தில் இருந்தது என்று சொல்ல உதவுவதே இந்தப் பிரதியின் வேலை. தாள்களை லமினேட் செய்யாமல், மடிக்காமல், தடித்த பிளாஸ்ரிக் உறையில் இட்டு, நிலத்தில் இருந்து உயரமான இடத்தில் வையுங்கள்.

நாளைக்குப் பாடசாலை விட்டு வரும் பிள்ளையிடம் தொலைபேசியைக் கொடுத்து, ஒரு நாளைக்கு ஐந்து தாள் என்று தொடங்கலாம். ஒரு மாதத்தில் பை முழுவதும் முடிந்துவிடும். எந்தத் தாள் யாருடையது, ஏன் இவ்வளவு காலமாக வைத்திருக்கிறோம் என்பதும் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.