பிலிப் டி கோல்

பிலிப் டி கோல் (28 டிசம்பர் 1921 – 13 மார்ச் 2024) பிரெஞ்சுக் கடற்படை விமானி, அட்மிரல், கடற்படையின் தலைமை ஆய்வாளர், பின்னாளில் பாரிஸ் மாநகரின் செனட்டர். சுதந்திர பிரான்ஸ் இயக்கத்தின் தலைவரும் பின்னர் அந்நாட்டின் அதிபருமான சார்ல் டி கோலின் ஒரே மகன். இந்தக் கடைசித் தகவலைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள். ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் நீண்ட அவருடைய கடற்படைப் பணி தனியாகவே எடுத்துப் பேசத்தக்கது.

பாரிஸில் பிறந்த அவருக்கு எலிசபெத், ஆன் என்று இரு தங்கைகள். முதல் உலகப் போரின் பிரெஞ்சுத் தளபதி மார்ஷல் பிலிப் பெத்தானின் நினைவாகவே பிலிப் என்ற பெயர் வைக்கப்பட்டதாக நெடுங்காலம் ஒரு பேச்சு உண்டு. அதை அவர் மறுத்தார். குடும்ப முன்னோர் ஒருவரின் பெயர் அது என்பது அவர் தந்த விளக்கம். தந்தை தரைப்படையில் இருந்தவர். பிலிப் கடலைத் தேர்ந்துகொண்டார்.

1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தபோது அவர் கடற்படைக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பதினெட்டு வயது மாணவர். எதிர்ப்பைத் தொடர அழைத்துத் தந்தை லண்டன் வானொலியில் உரையாற்றிய ஜூன் 18 அன்று தாயும் பிள்ளைகளும் பிரெஸ்ட் துறைமுகத்தில் கப்பலேறினார்கள். அவர்களை அழைத்துவர இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட வால்ரஸ் கடல்விமானம் பிரித்தானிப் பகுதியில் பிளூதானியல் என்ற ஊருக்கு அருகே விழுந்து நொறுங்கியது. அதில் வந்த நால்வரும் இறந்தனர். டி கோல் குடும்பம் மறுநாள் ஃபால்மத்தில் கரையிறங்கியது. பிரான்சின் புகழ்பெற்ற அந்த உரை மகனுக்குத் தெரிய வந்தது அங்கே கிடைத்த ஒரு செய்தித்தாள் வழியாகத்தான்.

போர்க்காலம்

சுதந்திர பிரான்சின் கடற்படையில் உடனே சேர்ந்த பிலிப், இங்கிலாந்தில் அது நடத்திய கடற்படைப் பள்ளியில் பயின்றார். அட்லாண்டிக்கிலும் ஆங்கிலக் கால்வாயிலும் பணிபுரிந்தார். கால்வாயில் அவர் ஏறியவை வேகத்தையும் இருட்டையும் மட்டுமே நம்பி இயங்கும் டார்பிடோப் படகுகள்.

1944-இல் அவர் தரைக்கு மாறினார். சுதந்திர பிரான்சின் தளபதி ஜெனரல் லெக்லேரின் இரண்டாம் கவசப் பிரிவில் கடற்படையினரைக் கொண்டே அமைந்த ஒரு கவச ரெஜிமென்ட் இருந்தது. எதிரியின் டாங்கிகளை அழிக்கும் கவச வண்டிகள் அதன் ஆயுதம். தலையில் சிவப்புக் குஞ்சம் வைத்த மாலுமித் தொப்பியோடு போரிட்ட அந்த வீரர்களின் ஒரு பிளட்டூனுக்கு அவர் தலைவர்.

பாரிஸ் விடுதலையான ஆகஸ்ட் 25 அவர் வாழ்க்கையின் மிக ஆபத்தான நாள்களில் ஒன்று. நகரின் ஜெர்மானியத் தளபதி ஃபான் கோல்டிட்ஸ் சரணடைந்துவிட்டார். ஆனால் நாடாளுமன்றக் கட்டடமான பாலே பூர்போனில் இருந்த காவல்படை இன்னும் ஆயுதத்தைக் கீழே போடவில்லை. சரணடையும் ஆணையை அங்கே சேர்க்கும் வேலை பிலிப்பிடம் வந்தது. லெக்லேர் தலைமையகமாக வைத்திருந்த மோன்பர்னாஸ் ரயில் நிலையத்திலிருந்து ஒரு ஜெர்மானிய மேஜருடன் ஆயுதமின்றிக் கிளம்பினார். சண்டை வெறி அடங்காத ஒரு வீரன் துப்பாக்கியை உயர்த்தியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் கிளம்பும் நேரத்தில்தான் தந்தை அந்த நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். தந்தையின் போர் நினைவுகளிலும் அந்தச் சந்திப்பு பதிவாகியுள்ளது. காவல்படை சரணடைந்தது. அதன்பின் வோஜ் மலைகளிலும் அல்சாசிலும் நடந்த சண்டைகளில் பிலிப் பங்கேற்றார்.

இவ்வளவுக்கும் பிறகு, சுதந்திர பிரான்சின் உயர்ந்த விருதான ‘விடுதலைத் தோழர்’ பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. 1,038 பேர் அதைப் பெற்றார்கள். விருதை வழங்கும் அதிகாரம் தந்தையின் கையில் இருந்தது, சொந்த மகனுக்குக் கொடுப்பது முறையாகாது என்று அவர் கருதினார். தந்தையின் நேர்மை அதில் தெரிகிறது என்பது உண்மை. ஆனால் அந்த நேர்மைக்கான விலையைக் கொடுத்தவர் மகன்.

விமானியும் கப்பல் தளபதியும்

போர் முடிந்ததும் அமெரிக்காவில் பயிற்சி பெற்று 1946-இல் கடற்படை விமானியானார். பிரெஞ்சுக் கடற்படை வான்பிரிவில் போரிடும் ஸ்குவாட்ரனுக்கு ‘ஃப்ளொத்தில்’ என்று பெயர். துணைப்பணி செய்யும் பிரிவை ‘எஸ்காத்ரி’ என்பார்கள். 1952-இல் 6எஃப் என்ற ஃப்ளொத்திலின் தளபதிப் பொறுப்பு அவருக்கு வந்தது. பிறகு டக்காரில் இருந்த கடற்படை விமானத் தளம், 1960-61-இல் ‘பிக்கார்’ போர்க்கப்பல் என்று பொறுப்புகள் தொடர்ந்தன. விமானிகளும் கப்பல்களுக்குத் தலைமை தாங்கிப் பழக வேண்டும் என்பது பிரெஞ்சுக் கடற்படையின் மரபு. வானில் இருப்பவன் கப்பலின் தேவையை அறிய அதைவிட நல்ல வழி இல்லை.

1967-இல் ‘சுஃப்ரென்’ அவர் கைக்கு வந்தது. ‘மசூர்கா’ வான்காப்பு ஏவுகணைகளும், பெரிய கோளக் கூட்டுக்குள் சுழலும் ரேடாரும் கொண்ட புத்தம்புதிய போர்க்கப்பல் அது. கப்பலின் பெயர் தமிழ் வாசகருக்கு அந்நியமானதல்ல. 1782-83-இல் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் ஆகிய இடங்களை ஒட்டிய கடலில் ஆங்கிலேயக் கப்பற்படையோடு மோதிய தளபதி சுஃப்ரெனின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

1973-74-இல் கடல் ரோந்து விமானப் பிரிவு முழுவதற்கும் தலைமை வகித்தார். அந்தப் பிரிவில் இருந்த ‘அட்லாண்டிக்’ ரக விமானங்கள் ஒரே பறப்பில் 12 மணி நேரத்துக்கும் மேல் கடல்மீது சுற்றி நீர்மூழ்கிகளைத் தேடக்கூடியவை. போர்விமானிகளுக்குக் கிடைக்கும் புகழ் இந்தப் பணிக்குக் கிடைப்பதில்லை. ஆனால் பனிப்போர்க் காலத்தில் சோவியத் நீர்மூழ்கிகளைக் கண்காணிக்கும் சுமையில் பெரும்பங்கு இவர்கள் மேல்தான் விழுந்தது. 1976-77-இல் அட்லாண்டிக் கப்பலணியின் தளபதியானார். அடுத்து கடற்படைத் தலைமை ஆய்வாளர் பொறுப்பு. 1980-இல் முழு அட்மிரல். 1982-இல் ஓய்வு.

பெயரால் உயர்ந்தவர் என்று சொல்பவர்கள் காலவரிசையைப் பார்க்க வேண்டும். சார்ல் டி கோல் 1969 ஏப்ரலில் பதவி விலகி, 1970 நவம்பர் 9-ஆம் தேதி மறைந்தார். மகனுக்கு அட்மிரல் நிலைப் பதவிகள் கிடைத்தது அதற்குப் பிறகுதான். தந்தை அதிபராக இருந்த பத்தாண்டுகளில் அவர் சக அதிகாரிகளை முந்திச் செல்லவில்லை.

பிற்காலம்

1986 முதல் 2004 வரை செனட்டராக இருந்தார். தந்தையின் கடிதங்களையும் குறிப்பேடுகளையும் பல தொகுதிகளாகப் பதிப்பித்தது ஆய்வாளர்களுக்கு அவர் செய்த பேருதவி. மிஷேல் தோரியாக்குடன் உரையாடி 2003-இல் வெளியிட்ட ‘என் தந்தை டி கோல்’ பெருமளவில் விற்றது. அதில் உள்ள சில செய்திகளை வரலாற்றாசிரியர்கள் மறுத்தனர். தன் சொந்த வாழ்க்கையை எழுதிய நூலுக்கு ‘துணை நினைவுகள்’ என்ற பொருள்படத் தலைப்பு வைத்தார். இவரை அறிய விரும்புவோர் தொடங்க வேண்டியது தந்தையைப் பற்றிய நூலில் அல்ல, இந்த நூலில்.

1947-இல் ஆன்ரியெத் டி மோந்தலம்பேரை மணந்தார். நான்கு மகன்கள். 102 வயதில் பாரிஸில் உள்ள அன்வாலித் ராணுவ மருத்துவ இல்லத்தில் காலமானார். 2024 மார்ச் 20 அன்று அன்வாலித் வளாகத்தில் பிரெஞ்சு அரசு தேசிய மரியாதை செலுத்தியது. கொலோம்பே-லே-தெ-ஸெக்லீஸில் உள்ள குடும்பக் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.