கொழுந்துக் கறையும் கிரீம் டப்பாவும்

'கிரீன் டீ' என்று எழுதின கிரீம் டப்பாவை இப்போ எந்த டவுன் கடையிலும் பார்க்கிறோம். தேயிலையிலுள்ள கெட்டெசின்கள் வெயிலால் தோலுக்கு வரும் சேதத்தைக் குறைக்க உதவலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. சரிதான். ஆனா கொழுந்தைக் கிள்ளும்போது கசிகிற சாற்றில் இருப்பதும் அதே கெட்டெசின்தான். காற்றுப்பட்டால் அது கறுத்துப்போகும். ஸ்டோரில் பச்சைக் கொழுந்து கறுப்புத் தேயிலையாவதும், நம்ம அம்மாமாரின் விரலில் கறை ஏறுவதும் ஒரே வேலைதான்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கம் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அங்கிருந்து அட்டன், நுவரெலியா வரை தேயிலை ஏறியது. கூடவே இந்தக் கறையும் ஏறியது.

லயத்தில் இதற்கு மருந்து எலுமிச்சைதான். புளிப்புப் பட்டால் தேத்தண்ணி நிறம் வெளுக்கிறதே, அதேபோலக் கறையும் கொஞ்சம் வெளுக்கும். வெடிப்பில் பட்டால் எரியும், அது வேற கதை. அப்புறம் வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய், அட்டை கடித்த புண்ணுக்கு மஞ்சள். அந்த மஞ்சளும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்ததுதான், நம்ம பாட்டன் பூட்டன் மாதிரி. 2020இல் இறக்குமதியைக் கட்டுப்படுத்தினார்கள். விலை பல மடங்கு ஏறியது. புண்ணுக்குப் பூசுவதா, கறிக்குப் போடுவதா என்று வீட்டில் யோசித்தார்கள். கறிக்குத்தான் போட்டார்கள்.