பறங்கிப்புண்ணும் ஒரு ஊசியும்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் நாம் வாய்விட்டுப் பேசாத விஷயமும்கூட. "என்ன சார், இந்த வயதில் இதையெல்லாம் எழுதுகிறீர்கள்?" என்று யாராவது கேட்கலாம். என்னிடம் படித்த பலருக்கு இப்போது கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே எழுதலாம் என்றே நினைக்கிறேன்.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். பறங்கிக்காய், பறங்கிப்பேட்டை, பரங்கிமலை எல்லாம் நமக்குத் தெரியும். கடல் கடந்து வந்த வெள்ளைக்காரரை நம் முன்னோர் பறங்கி என்றார்கள். 'பிராங்க்' என்ற ஐரோப்பிய இனப்பெயர் அரபு, பாரசீகம் வழியாக வந்து நம் வாயில் இப்படி ஆனது. இதே வரிசையில் இன்னொரு பழைய சொல் உண்டு: பறங்கிப்புண். சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கு நம்மவர் வைத்த பெயர் அது. நாட்டு மருந்துக் கடையில் இன்றும் விற்கும் பறங்கிப்பட்டை, அந்த நோய்க்கு மருந்தாகச் சீனாவிலிருந்து கப்பலேறி வந்த கிழங்கு. 16-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'பாவபிரகாசம்' என்ற வடமொழி மருத்துவ நூலும் இதைப் 'பிரங்க ரோகம்' என்றே குறிக்கிறது.

நாம் மட்டும் இப்படிச் செய்யவில்லை. 1495-இல் பிரான்ஸ் மன்னன் எட்டாம் சார்லஸின் படை இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரைப் பிடித்தபோதுதான் இந்த நோய் ஐரோப்பாவில் பெரிதாக வெடித்தது. இத்தாலியர் அதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். ரஷ்யருக்கு அது போலந்து நோய், போலந்துக்காரருக்கு ஜெர்மன் நோய். நோய்க்குப் பக்கத்து வீட்டுக்காரன் பெயரை வைப்பதில் உலகம் முழுவதும் ஒரே புத்திதான்!

இந்த நோயின் தந்திரம் என்ன தெரியுமா? அது தானாகவே மறைந்துவிடும். தொற்றிய சுமார் மூன்று வாரத்தில் பிறப்புறுப்பிலோ வாயிலோ ஒரு புண் வரும். பெரும்பாலும் வலி இருக்காது. மருந்தே போடாவிட்டாலும் சில வாரங்களில் ஆறிவிடும். பிறகு உடம்பில் தடிப்புகள் வரும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட வருவதுதான் இதன் முக்கிய அடையாளம். அதுவும் தானாகவே போய்விடும். அதன்பின் வருடக்கணக்கில் ஒன்றுமே தெரியாது. சிலருக்கு மட்டும் பத்து, இருபது ஆண்டு கழித்து இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக் குழாயையோ மூளையையோ தாக்கும். அப்போது அந்தப் பழைய புண் யாருக்கு நினைவிருக்கும்?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். தானாக ஆறும் புண்ணுக்கு எந்த மருந்து கொடுத்தாலும் அது பலித்தது போலத்தான் தெரியும். பறங்கிப்பட்டைக்குப் பேர் வந்ததும் அப்படித்தான் என்பது என் கருத்து. ஐரோப்பாவில் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பாதரசத்தைப் பூசினார்கள், புகை போட்டார்கள். நோயாளிக்கு எச்சில் குடம் குடமாக ஊறும், பல் கொட்டும். அதைக் கண்டு விஷம் வெளியேறுகிறது என்று மருத்துவர்கள் மகிழ்ந்தார்கள். உண்மையில் அது பாதரசத்தின் விஷம். இன்றும் பேருந்து நிலையச் சுவர்களில் "ரகசிய நோய்களுக்கு" என்று சுவரொட்டி ஒட்டி, தேதி குறித்து லாட்ஜில் வந்து உட்காரும் ஆட்களுக்குப் பிழைப்பு நடப்பதும் இதே தந்திரத்தால்தான்.

நோயை அடையாளம் காண வழியில்லாத அந்தக் காலத்தில் வெள்ளை அரசாங்கம் ஒரு வேலை செய்தது. தன் படைவீரர்களுக்கு நோய் வருகிறது என்று 1868-இல் இந்தியத் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அது பால்வினை நோய்க்கான சட்டம். சென்னையிலும் அமலானது. பாலியல் தொழில் செய்த பெண்கள் பெயரைப் பதிந்துகொண்டு, குறித்த நாளில் பரிசோதனைக்கு வர வேண்டும். நோய் என்று முடிவானால் 'லாக் ஆஸ்பத்திரி'யில் அடைத்துவைப்பார்கள். படைவீரனுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு கட்டாயமும் இல்லை. கண்ணால் மட்டும் பார்த்து நடந்த பரிசோதனை அது. புண் ஆறி நோய் உள்ளே இருப்பவரை அதனால் கண்டுபிடிக்கவே முடியாது. 1888-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

பிறகு நடந்தவை மளமளவென்று நடந்தன. 1905-இல் பெர்லினில் ஷவுடின் என்ற விலங்கியலாளரும் ஹாஃப்மன் என்ற தோல் மருத்துவரும் நுண்ணோக்கியில் அந்தக் கிருமியைக் கண்டார்கள். திருகாணி போல முறுக்கிய, மிக வெளிறிய பாக்டீரியா. அடுத்த ஆண்டே வாஸர்மன் இரத்தப் பரிசோதனையைக் கொண்டுவந்தார். புண் இல்லாதவருக்கும் நோய் இருப்பதை அறிய முதன்முதலாக வழி பிறந்தது. 1909-இல் எர்லிக்கின் ஆய்வுக்கூடத்தில் ஜப்பானியரான ஹாட்டா, 606 என்ற எண் கொண்ட ஆர்சனிக் மருந்து முயல்களைக் குணப்படுத்துவதைக் கண்டார். அது 1910-இல் சால்வர்சான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பாதரசத்தைவிட எவ்வளவோ மேல், ஆனால் அதிலும் ஆபத்து உண்டு. 1943-இல் அமெரிக்காவில் மஹோனி என்ற மருத்துவர் நான்கு நோயாளிகளுக்குப் பென்சிலின் ஊசி போட்டுப் பார்த்தார். புண் ஆறியது. இன்றுவரை இந்தக் கிருமிக்குப் பென்சிலினை எதிர்த்து நிற்கத் தெரியவில்லை.

மருந்து வந்ததும் கதை முடிந்திருக்க வேண்டும், இல்லையா? அதே அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில், 1932 முதல் அரசின் பொதுச் சுகாதாரத் துறை ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தது. ஏழைக் கறுப்பின ஆண்கள் 399 பேருக்கு இந்த நோய் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத 201 பேர். சிகிச்சை அளிக்காவிட்டால் நோய் எப்படிப் போகும் என்று பார்ப்பதுதான் ஆய்வு. அவர்களிடம் "உங்களுக்குக் கெட்ட இரத்தம்" என்று மட்டும் சொன்னார்கள். பென்சிலின் எங்கும் கிடைக்கத் தொடங்கிய பிறகும் கொடுக்கவில்லை. 1972-இல் செய்தி பத்திரிகையில் வந்த பிறகுதான் நிறுத்தினார்கள். நாற்பது ஆண்டு! மனைவிமாருக்கும் தொற்றியது, சில குழந்தைகள் நோயோடு பிறந்தன. 1997-இல் ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்புக் கேட்டார்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கர்ப்பிணிகளின் இரத்தப் பரிசோதனைப் பட்டியலில் வி.டி.ஆர்.எல். என்று ஒன்று இருக்கும். வாஸர்மன் சோதனைக்குப் பின் 1946-இல் வந்த, அதைவிட எளிய சோதனை. இதைக் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "எங்கள் பெண்ணை என்னவென்று நினைத்தீர்கள்?" என்று சண்டைக்குப் போகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டேன். சந்தேகப்பட்டு எடுப்பதல்ல அது, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எடுப்பது. தாய்க்கு நோயிருந்து கவனிக்காமல் விட்டால் கரு கலையலாம், குழந்தை இறந்து பிறக்கலாம், பிறந்தாலும் எலும்பும் கண்ணும் காதும் பாதிக்கப்படலாம். முன்கூட்டியே கண்டு பென்சிலின் போட்டால் பெரும்பாலும் இத்தனையும் தவிர்க்கலாம்.

விடை 'பாசிட்டிவ்' என்று வந்தாலும் உடனே பஞ்சாயத்தைக் கூட்டாதீர்கள். வேறு சில நோய்களாலும், சில சமயம் கர்ப்பத்தாலேயும்கூட அப்படி வரும். டி.பி.எச்.ஏ. போன்ற இரண்டாவது சோதனை எடுத்துத்தான் மருத்துவர் முடிவு சொல்வார். நோய் என்று உறுதியானால், ஆரம்பக் கட்டத்தில் நீடித்து வேலை செய்யும் பென்சிலின் 24 லட்சம் யூனிட், ஒரே தவணை. நாள்பட்டது என்றால் வாரம் ஒன்றாக மூன்று தவணை. ஊசி போட்ட அன்று காய்ச்சலும் உடல்வலியும் வரக்கூடும். கிருமி சாவதால் வருவது அது, பெரும்பாலும் ஒரு நாளில் தணியும். கர்ப்பிணியாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்பே சொல்ல வேண்டும். கணவன், மனைவி இருவரையும் சோதித்து மருந்து தர வேண்டும். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் மற்றவரிடமிருந்து மறுபடி தொற்றும். சில மாதம் கழித்து மீண்டும் இரத்தம் எடுத்து, அளவு இறங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இதற்கெல்லாம் காசு வாங்குவதில்லை.

நான் மருத்துவன் இல்லை, படித்ததைச் சொன்னேன். நம் பிள்ளைகளில் மருத்துவர்களும் செவிலியர்களும் இருக்கிறீர்கள், விட்டுப்போனதைக் கருத்தில் சேருங்கள். மேகப்புண், கிரந்தி என்றும் இதைச் சொல்வார்கள். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் வேறு பெயர் சொல்லக் கேட்டிருந்தால் அதையும் எழுதுங்கள்.