உடற் பருமன் அறுவைச் சிகிச்சைக்குப் பின் பசி மீளல்

உடற் பருமன் அறுவைச் சிகிச்சைக்குப் பின் பசி மீளல் என்பது, இரைப்பையைச் சிறிதாக்கியோ குடல் வழியை மாற்றியோ செய்யப்படும் அறுவைச் சிகிச்சையால் தணிந்திருந்த பசியுணர்வு சில ஆண்டுகளில் படிப்படியாகத் திரும்புவதைக் குறிக்கும். பெரும்பாலோருக்கு அறுவைக்குப் பிந்தைய முதல் ஆண்டில் பசி மிகக் குறைவாக இருக்கும். அதன் பின்னர் ஓரளவு பசி திரும்புவது எதிர்பார்க்கத்தக்கதே. அறுவை தோல்வியுற்றது என்பதற்கோ, நோயாளியின் மனவுறுதி குன்றியது என்பதற்கோ அது மட்டும் சான்றாகாது. எனினும் கவனிக்காமல் விட்டால் எடை மீண்டும் கூடவும், அடங்கியிருந்த நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் முதலியவை தலைதூக்கவும் வாய்ப்புண்டு.

பின்னணி

உடற் பருமனுக்காக இன்று பரவலாகச் செய்யப்படும் அறுவைகள் இரண்டு. இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கி அதைக் குழாய் வடிவாக்குவது குழாய் இரைப்பை அறுவை ஆகும். இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாக்கிச் சிறுகுடலுடன் நேரடியாக இணைப்பது இரைப்பை மாற்றுவழி அறுவை ஆகும்.

ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு போன்ற நோய்கள் தோன்றுவதால், 2022 இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டல், அவர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் 27.5 இலிருந்தே அறுவையைக் கருதலாம் என்கிறது. பொதுவான அளவு 35 ஆகும். வளர்சிதை மாற்ற நோய் உள்ளவர்களுக்கு அது 30 ஆகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நடத்திய நாடளாவிய ஆய்வின் 2023 முடிவுகளின்படி, இந்தியாவில் வயது வந்தோருள் 28.6 விழுக்காட்டினர் உடற் பருமன் உடையவர்கள்.

நீண்டகால விளைவுகளைப் பற்றிய முதன்மையான சான்று, 1987 இல் தொடங்கிய சுவீடன் நாட்டு உடற் பருமன் ஆய்விலிருந்து கிடைக்கிறது. அதன் 2007 அறிக்கையின்படி, இரைப்பை மாற்றுவழி அறுவை செய்துகொண்டோர் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 விழுக்காடு எடை குறைந்தனர். பத்து ஆண்டுகளுக்குப் பின் அவர்களின் எடை இழப்பு 25 விழுக்காடாக இருந்தது. அதாவது, இழந்த எடையில் ஒரு பகுதி திரும்பினாலும் பெரும்பகுதி திரும்பவில்லை.

பசியின் உடலியங்கியல்

பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீர் 1999 இல் சப்பானிய அறிவியலாளர்களால் கண்டறியப்பட்டது. இது பெரும்பாலும் இரைப்பையின் மேல் வளைவில் சுரக்கிறது. குழாய் இரைப்பை அறுவையில் இப்பகுதி நீக்கப்படுவதால் கிரெலின் அளவு சட்டெனக் குறைகிறது. மாற்றுவழி அறுவையில் உணவு சிறுகுடலின் பிற்பகுதியை விரைவில் அடைவதால், நிறைவுணர்வைத் தரும் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஆகிய இயக்குநீர்கள் மிகுதியாகச் சுரக்கின்றன. அறுவைக்குப் பின் பசி தணிவது வயிறு சிறிதாவதால் மட்டுமன்று. இவ்வியக்குநீர் மாற்றங்களாலும் ஆகும்.

மறுபுறம், உடற்கொழுப்பு குறையும்போது கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின் குறைகிறது. மூளை இதைப் பஞ்சம் வந்ததற்கான அறிகுறியாகக் கொண்டு பசியைக் கூட்டி, ஆற்றல் செலவைக் குறைக்கிறது. உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தோரிடம் ஆத்திரேலியாவில் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வில், ஓராண்டு கழிந்த பின்னரும் பசி இயக்குநீர்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று தெரியவந்தது. அறுவை இந்த எதிர்ப்பை மட்டுப்படுத்துகிறது, முற்றிலும் நீக்குவதில்லை.

மீள்வதற்கான காரணங்கள்

* எடை குறைந்த உடல் பழைய எடையைக் காக்க முயலும் இயல்பு.
* குழாய் இரைப்பை அல்லது சிறு பை காலப்போக்கில் விரிதல்; இரைப்பைக்கும் குடலுக்கும் இடையிலான இணைப்பு அகலமாதல்.
* புரதம் குறைந்த, மாவுப்பொருள் மிகுந்த உணவு.
* உறக்கக் குறைவு. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் 2004 ஆய்வில், இரு இரவுகள் குறைவாக உறங்கிய இளைஞர்களிடம் லெப்டின் குறைந்து கிரெலின் கூடியது.
* சில மருந்துகள். இன்சுலின், சல்போனைல்யூரியா வகை மாத்திரைகள், இசுட்டீராய்டுகள், சில மனநல மருந்துகள் ஆகியன பசியைக் கூட்டக்கூடியவை.
* மனச்சோர்வு, தனிமை, பழைய உணவுப் பழக்கங்கள்.

பசி போலத் தோன்றுபவை

பசி என்று உணரப்படுவதெல்லாம் உடலின் உணவுத் தேவை ஆகாது. பின்வருவனவற்றைப் பிரித்தறிவது சிகிச்சையின் முதற்படியாகும்.

* தாழ் சர்க்கரை: இனிப்போ மிகுந்த மாவுப்பொருளோ உண்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்புடன் கடும் பசி தோன்றுதல். மாற்றுவழி அறுவை செய்துகொண்டோரிடம் இது கூடுதலாகக் காணப்படும். மேலும் இனிப்பு உண்பது இச்சுழற்சியைத் தொடரச் செய்யும். எனவே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.
* அமில எரிச்சல், புண்: மேல் வயிற்றின் எரிவு பசியென உணரப்படலாம். புகைப்பிடித்தலும் வலி மாத்திரைகளும் மாற்றுவழி அறுவைக்குப் பின் புண்ணை உண்டாக்கக்கூடியவை.
* தாகம்: ஒரே நேரத்தில் அதிக நீர் அருந்த இயலாததால் நீர்க்குறைவு எளிதில் ஏற்படும்.
* மனப்பசி: திடீரென எழுந்து ஒரு குறிப்பிட்ட தின்பண்டத்தையே நாடும். வயிற்றுப்பசி மெல்லக் கூடும்; எளிய உணவாலும் தணியும்.

மேலாண்மை

உணவு முறை

நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் உண்ணுமாறு பொதுவாக அறிவுறுத்தப்படுகிறது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராமும், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 18 முதல் 20 கிராமும் புரதம் உள்ளது. ஓர் இட்லியில் சுமார் 2 கிராமே இருக்கும். ஆகவே தட்டில் முதலில் மீன், முட்டை, பருப்பு, சுண்டல் ஆகியவற்றையும், அடுத்துக் காய்கறியையும், இறுதியில் சோற்றையும் உண்பது நிறைவுணர்வை நீட்டிக்கும்.

முறுக்கு, மிக்சர், பிஸ்கட், பனிக்கூழ், சர்க்கரை சேர்த்த தேநீர் முதலியன சிறிய இரைப்பையிலும் தடையின்றி இறங்கிவிடும். கோழி இறைச்சி தங்கி நிறைவு தரும். இதனால், ஒரு வேளைக்கு மிகக் குறைவாக உண்பவரும் நாள் முழுவதும் கொறிப்பதால் எடை கூடலாம். உணவுடன் நீர் அருந்தாமல் அரை மணி நேர இடைவெளி விடுதல், மெல்ல மென்று உண்ணுதல், குறித்த நேரத்தில் உண்ணுதல் ஆகியன பரிந்துரைக்கப்படுகின்றன.

மாற்றுவழி அறுவைக்குப் பின் மது விரைவாகக் குருதியில் கலப்பதால் அதற்கு அடிமையாகும் வாய்ப்புக் கூடுகிறது. உணவு தந்த ஆறுதலை மதுவில் தேடுவது ஆபத்தானது.

மருத்துவ மீளாய்வு

பசி குறைவாக இருந்தாலும் கூடுதலாக இருந்தாலும் ஆண்டுதோறும் இரும்பு, பி12, டி உயிர்ச்சத்துகள், குருதிச் சர்க்கரை ஆகியவற்றைச் சோதித்தல் வாழ்நாள் முழுவதும் தேவை. தொடர்ந்து வாந்தி எடுப்போருக்குத் தயமின் குறைவால் நரம்பு பாதிக்கப்படலாம். கடும் வயிற்று வலி குடல் சிக்கலின் அறிகுறியாக இருக்கலாம். இவ்விரண்டும் உடனடிக் கவனத்துக்குரியவை.

மருந்துகளும் மறு அறுவையும்

ஜிஎல்பி-1 இயக்குநீரைப் போலச் செயல்படும் மருந்துகள் மீண்ட பசிக்கும் பயன்படுகின்றன. அறுவைக்குப் பின் போதிய எடை குறையாதவர்களிடம் இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2023 இல் வெளியான ஆய்வில், 24 வாரங்கள் லிராகுளுடைடு பெற்றோர் சராசரியாக 8.8 விழுக்காடு எடை குறைந்தனர். மருந்தற்ற ஊசி பெற்றோர் 0.5 விழுக்காடே குறைந்தனர். இந்தியாவில் டிர்செபடைடு, எடைக்குறைப்புக்கான செமாகுளுடைடு ஊசி ஆகியவை 2025 இல் விற்பனைக்கு வந்தன. இவற்றை மருத்துவக் கண்காணிப்பின்றிப் பயன்படுத்தலாகாது. நிறுத்தினால் பசி பெரும்பாலும் திரும்பும். விரிவாக்கம் போன்ற உடற்கூற்றுக் காரணம் உறுதியானால் மறு அறுவை கருதப்படும்.

வடசென்னைச் சூழல்

பசியை ஒழுங்குபடுத்துதல் வேலை நேரத்தையும் கடைத்தெருவையும் சார்ந்தது என்பதற்கு இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகள் எடுத்துக்காட்டாகும். துறைமுகம், மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, வாகனத் தொழிற்சாலைகள், 2001 இல் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் ஆகியவற்றைச் சார்ந்த வேலைகளில் ஷிப்ட் முறை வழக்கமானது. இரவு ஷிப்டில் தேநீர், பன், பரோட்டா, அத்தோ முதலியனவே கைக்கெட்டும் உணவுகள். காலையில் உறக்கம் கலையும்போது பசி இருமடங்காகத் தோன்றும். இத்தகையோருக்கு ஷிப்டின் நேரத்தை ஒட்டி உணவு நேரம் வகுத்தல், அவித்த முட்டை, சுண்டல், மோர் ஆகியவற்றை வீட்டிலிருந்து எடுத்துச் செல்லுதல், பகல் உறக்கத்துக்கு இருட்டறை ஏற்படுத்துதல் ஆகியன நடைமுறைக்கு ஏற்றவை.

இப்பகுதிக்கு ஒரு நற்பேறும் உண்டு. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தால் மத்தி, நெத்திலி போன்ற புரதம் நிறைந்த மீன்கள் அருகிலேயே கிடைக்கின்றன. பொரிப்பதைவிடக் குழம்பாக உண்பது எண்ணெயைக் குறைக்கும்.

இராயபுரத்தை அடுத்துள்ள இசுட்டான்லி மருத்துவமனையின் வேர், 1782 பஞ்சத்தின்போது கஞ்சி வார்க்கத் தொடங்கப்பட்ட மணியக்காரர் சத்திரத்தில் உள்ளது. இன்றும் மக்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி என்பர். 1938 இல் அது மருத்துவக் கல்லூரியாயிற்று. உணவின்மையால் வந்த பசிக்காக எழுந்த இடத்தைச் சுற்றியுள்ள மக்களிடையே, இன்று உணவு மிகுதியால் வரும் நோய்களும் மருத்துவத்தின் பணியாகியுள்ளன.

சமூகப் பார்வை

அறுவை செய்துகொண்டதை உறவினரிடம் மறைப்போர் பலர். இளைத்துப் போனதாகக் கூறி மேலும் உண்ண வற்புறுத்துவதும், எடை கூடியதும் பணம் வீணானது என இடித்துரைப்பதும் நிகழ்கின்றன. பசி திரும்பியவர் வெட்கத்தால் மருத்துவரைப் பார்ப்பதைத் தவிர்க்கிறார். பசியைக் காட்டிலும் பெரிய இடர் இதுவே. மீளாய்வு நின்றால், சத்துக் குறைவும் திரும்பும் நீரிழிவும் கண்ணுக்குத் தெரியாமல் வளரும். மீண்டும் கூடத் தொடங்கிய எடை சில கிலோகிராமாக இருக்கும்போதே மருத்துவக் குழுவை அணுகுவோருக்கு அதைக் கட்டுப்படுத்துதல் எளிது.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் குருதிச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம். அறுவைக்குப் பின் மாத்திரைகள் நிறுத்தப்பட்டவர்களும் இச்சோதனையை நிறுத்தாமல் தொடர்வது நன்று.

இவற்றையும் பார்க்க

* உடற் பருமன்
* உடல் நிறை குறியீட்டெண்
* கிரெலின்
* லெப்டின்
* நீரிழிவு நோய்
* இசுட்டான்லி மருத்துவக் கல்லூரி