நல்வாழ்க்கையும் ஒரு நந்தவனமும்

வாரம் அஞ்சு நாள் ஆபீஸில் ஓடிட்டு, ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்தா கணக்கு நேராயிடுமா? நம்ம சாஃப்ட்வேர் கூட்டத்தில் அடிக்கடி வருகிற கேள்வி இது. புத்தர் இதை வேற இடத்தில் ஆரம்பிக்கிறார்.

எண்வழிப் பாதையில் ஐந்தாவது, 'நல்வாழ்க்கை'. பாலியில் சம்மா ஆஜீவம். சோறு போடுற தொழிலே பாதையில் ஒரு பகுதி என்கிறார். இல்லறத்தார் செய்யக்கூடாத 5 வியாபாரங்களை அங்குத்தர நிகாயம் பட்டியல் போடுகிறது: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, விஷம்.

கவனிங்க, வியாபாரமே கூடாதுன்னு சொல்லலை. பௌத்தக் காப்பியமான மணிமேகலையை எழுதிய சாத்தனாருக்கே 'மதுரைக் கூலவாணிகன்' என்றுதான் பெயர். கூலம்னா தானியம். தானிய வியாபாரி எழுதிய கதையில் பசி தீர்க்கும் அமுதசுரபி வருவது பொருத்தமாத்தானே இருக்கு!

இனி நம்ம பக்கம் வருவோம். ராஜபாளையத்தில் பஸ் ஏறினா அரை மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். விஷ்ணுசித்தர் என்ற பெரியாழ்வாரின் ஊர். அவர் பௌத்தர் இல்லை, வைணவர். காலம் 9ஆம் நூற்றாண்டை ஒட்டி என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. பெருமாளுக்கு என்ன செய்யலாம்னு யோசித்தவருக்கு, வடமதுரையில் கண்ணனுக்கு மாலை கொடுத்த பூக்காரர் ஞாபகம் வந்ததாம். உடனே நந்தவனம் போட்டார்.

அப்புறம் குருபரம்பரைக் கதை. பாண்டியன் வல்லபதேவனின் சபையில், பரம்பொருள் யார்னு வாதிட்டுப் பொற்கிழி ஜெயிக்கிறார். யானை மேல ஊர்வலம். இன்னொருத்தரா இருந்தா மதுரையிலேயே செட்டில் ஆகியிருப்பார். இவரோ பொன்னை வடபத்ரசாயிக்குச் சேர்த்துட்டு, மறுபடி பூப்பறிக்கப் போயிட்டார். அவர் பாடிய பாசுரங்கள் 473. தோட்ட வேலைக்கு நடுவில்தான் இவ்வளவும்!

ஒரு வித்தியாசத்தைச் சொல்லிடணும். அவருக்கு அது கைங்கர்யம், சம்பள வேலை இல்லை. ஆனா அவர் வேலையைத் தேர்ந்தெடுத்த விதம் நமக்கும் உதவும். 'எனக்கு என்ன வரும்' என்பதற்கு முன்னாடி, 'இது யாருக்குப் போய்ச் சேரும்' என்று கேட்டார். அவர் தொடுத்த மாலைக்குப் போய்ச் சேர ஒரே ஓர் இடம்தான். இன்னைக்கும் ஆண்டாள் சூடிய மாலை, புரட்டாசி கருடசேவைக்குத் திருப்பதி போகுது, சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்குப் போகுது.

புத்தரின் 5 வியாபாரத்தில் நம்ம தொழில் இல்லைன்னு நிம்மதியா இருக்கலாம்தான். ஆனா சூதாட்ட ஆப்புக்கு கோட் எழுதுறவர் எந்தப் பட்டியலில் வருவார்? கந்துவட்டி ஆப்புக்கு எழுதுறவர்? அவர் விற்பது ஆயுதம் இல்லை, விஷமும் இல்லை. ஆனா அது போய்ச் சேருகிற வீட்டில் என்ன நடக்குது?

தியானம் வேண்டாம்னு சொல்ல வரலை. ஞாயித்துக்கிழமை உட்காருவது நல்லதுதான். திங்கட்கிழமை செய்யப்போற வேலைக்கு அது பரிகாரம் ஆகாது, அவ்வளவே.

நீங்க என்ன நினைக்கறீங்க? சொல்லுங்க, பேசுவோம்.