தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. காலையில் இட்லிக்கு சட்னி அரைக்கற சத்தத்துக்கு நடுவில் மகள் வந்து கேட்டாள். "அப்பா, நீங்க காலேஜ்ல தவளையைக் கொன்னிருக்கீங்களா?"

அவள் பதினொண்ணாம் வகுப்பு. என்.சி.இ.ஆர்.டி உயிரியல் புத்தகத்தில் தவளை பாடம் ஓடுகிறது. ஆராய்ச்சிக்கு விலங்குகள் தேவையா என்று பள்ளியில் ஒரு பிராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். அவளோடு சேர்ந்து எழுதுவது பக்கத்து பிளாட் ஜெயின் வீட்டுப் பெண். இங்கே வதோதராவில் மழைக்காலத்தில் பூச்சியை மிதித்துவிடக் கூடாதென்று நடமாட்டத்தையே குறைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பெண்ணின் நிலைப்பாடு தெளிவு: கூடவே கூடாது. என் மகளுக்குத்தான் குழப்பம். அப்பா வேலை பார்ப்பது மருந்து கம்பெனியில் அல்லவா?

"ஆமாம்மா" என்றேன். தங்கமணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து முறைத்தார். காலங்கார்த்தாலே வேற பேச்சே கிடைக்கலையா என்று அர்த்தம்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். நான் பி.பார்ம் சேர்ந்தது 1992ல். மருந்தியல் பிராக்டிகல் அன்று ஒருத்தர் ஈரச் சாக்கில் தவளைகளைக் கொண்டுவந்து தொட்டியில் விட்டுவிட்டுப் போவார். ஊசியைப் பின்னந்தலையில் செருகி மூளையையும் தண்டுவடத்தையும் அழிக்க வேண்டும். பிறகு வயிற்றுத் தசையைக் கத்தரித்து எடுத்து, உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, காற்றுக் குமிழி ஓட விடணும். தசையின் ஒரு முனையில் நெம்புகோல். அதன் நுனி ஒரு சுழலும் உருளையைத் தொட்டுக்கொண்டிருக்கும். உருளையில் காகிதம் சுற்றி, புகை பிடிக்கிற சுடரில் காட்டிக் கரி ஏற்றியிருப்போம். அசிடைல்கோலின் சொட்டு விட்டால் தசை சுருங்கும், கரியில் வெள்ளைக் கோடு ஏறும். மருந்தை இரட்டிப்பாக்கினால் கோடு இன்னும் உயரும். அவ்வளவுதான் சோதனை. முடிந்ததும் காகிதத்தை வார்னிஷில் முக்கி, காயவைத்து ரெக்கார்டில் ஒட்ட வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கோடு எப்படி ஏறும் என்பது எங்களுக்கு முதல் நாளே தெரியும். சீனியர் ரெக்கார்டில் பார்த்திருப்போம். ஒருத்தனுக்கும் அது ஆராய்ச்சி இல்லை. மார்க்.

மகள் கேட்டாள், "அது தப்புன்னு அப்ப யாரும் சொல்லலையா?"

சொன்னார்கள். சட்டமே சொன்னது. அதுவும் நம்ம ஊர் அம்மா ஒருத்தர் தொடங்கி வைத்த சட்டம்.

கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேலை நமக்கெல்லாம் பரதநாட்டியத்தோடு தெரியும். 1952ல் அவர் மாநிலங்களவைக்கு நியமனமானார். அங்கே போய் அவர் கொண்டுவந்தது விலங்கு வதைத் தடுப்புக்கான தனிநபர் மசோதா. நேரு, அரசே இதைக் கொண்டுவரும், நீங்கள் திரும்பப் பெறுங்கள் என்று கேட்டுக்கொள்ள, இவரும் பெற்றுக்கொண்டார். அப்படி வந்ததுதான் 1960ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். 1962ல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவர் அவரே. பல வருஷம் அந்த வாரியம் சென்னையிலிருந்துதான் இயங்கியது.

சட்டம் ஆராய்ச்சியைத் தடை செய்யவில்லை. புதிய அறிவுக்காக, உயிர் காப்பதற்காக, நோய் தீர்ப்பதற்காகச் செய்யும் சோதனைகள் குற்றமல்ல என்று 14ஆம் பிரிவிலேயே எழுதிவிட்டார்கள். ஆனால் 17ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மருத்துவப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் புத்தகம், மாதிரி உருவம், திரைப்படம் போன்றவை போதுமென்றால் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும். வெறும் கைப்பழக்கத்துக்காக, முடிந்தவரை, விலங்குகள் மேல் செய்யக் கூடாது. இது கண்காணிப்புக் குழு விதிகள் போடும்போது மனதில் கொள்ள வேண்டியது என்று எழுதப்பட்டது. அதாவது, நான் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தபோது இந்த வரிகளுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது! எங்கள் லேபில் யாரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. குழு 1964ல் அமைந்தது, பிறகு பல வருஷம் தூக்கம். 1990களின் கடைசியில் மேனகா காந்தி தலைமையில்தான் அதற்கு உயிர் வந்தது. 1998ல் விதிகள் வந்தன.

தவளைக்கு இன்னொரு கதையும் உண்டு. வெளிநாட்டுச் சாப்பாட்டு மேஜைக்காக இந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கான டன் தவளைக் கால் ஏற்றுமதி ஆனது. வயலில் பூச்சியைத் தின்ன ஆள் இல்லை என்று கவலை வந்து, 1987ல் ஏற்றுமதியை நிறுத்தினார்கள். சாப்பாட்டுக்காகப் போன கணக்கோடு பார்த்தால் எங்கள் சாக்கு ஒன்றுமே இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். மகளிடம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை :-)

பல்கலைக்கழக மானியக் குழு 2011ல் விலங்கியல் படிப்புகளில் அறுப்பதைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. இளநிலை மாணவர்கள் அறுக்க வேண்டாம், ஆசிரியர் ஒரு இனத்தை மட்டும் செய்து காட்டலாம் என்று. 2014ல் முழுசாகவே நிறுத்தியது. எங்கள் பார்மசி படிப்புக்கு வேறு கவுன்சில். 2017 பாடத்திட்டத்தில் விலங்குச் சோதனைகளை மென்பொருளிலும் வீடியோவிலும் காட்டினால் போதும் என்று எழுதினார்கள். புதுச்சேரி ஜிப்மரில் உருவாக்கிய எக்ஸ்ஃபார்ம் என்ற மென்பொருளில் அதே தசை, அதே கோடு. மவுஸை அழுத்தினால் ஏறுகிறது. என் பட்டம் 1996ல் முடிந்தது. இருபத்தொரு வருஷம் முந்திப் பிறந்துவிட்டேன்.

இதுவரைக்கும் மகளுக்குச் சந்தோஷம். "அப்போ ஜெயின் பொண்ணு சொல்றதுதான் சரி."

அங்கேதான் நான் நிறுத்தினேன். ஏனென்றால் போன வருஷம் இவளைத் தெருநாய் கடித்தது. கையில் ஐந்து ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். போனில் ஆச்சி, "இது என்ன ஊசி, ஒங்க சித்தப்பாவுக்கு தொப்புளைச் சுத்தி பதினாலு" என்றார். அந்தப் பதினாலு எங்கிருந்து வந்தது என்று இவளுக்குத் தெரியாது. எனக்குமே வேலைக்கு வந்த பிறகுதான் தெரியும்.

1902ல் லில்லி பாகன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் தென்னிந்தியாவில் வெறிநாய்க்கடியால் இறந்துபோனார். அப்போது வைத்தியம் இருந்த இடம் சிம்லா பக்கத்துக் கசௌலி. 1900ல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் அங்கேதான் இருந்தது. அவ்வளவு தூரம் ரயிலில் போவதற்குள் காலம் கடந்துவிடும். அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் கர்சன் பிரபுவிடம் கொடுத்திருந்த நன்கொடையில் ஒரு பங்கை வைத்து குன்னூரில் ஒரு நிறுவனம் எழுந்தது. 1907ல் திறந்தார்கள். ஊட்டி ரயிலில் போனவர்கள் சிம்ஸ் பார்க் பக்கத்தில் அந்தக் கட்டிடத்தைப் பார்த்திருப்பீர்கள்.

1911ல் கசௌலியில் டேவிட் செம்பிள் ஒரு தடுப்பூசி முறையைக் கொண்டுவந்தார். ஆட்டின் மூளையில் வைரஸைச் செலுத்துவார்கள். ஆடு சில நாளில் நோய் கண்டு முடங்கும். அந்த மூளையை எடுத்து அரைத்து, ஃபீனாலில் வைரஸைச் செயலிழக்க வைத்து, அந்தக் கரைசலை மனிதனுக்கு ஊசி போடுவது. அளவு நிறைய என்பதால் வயிற்றுத் தோலுக்கடியில், தினம் ஒன்று. சித்தப்பா பிழைத்தது அப்படி. எத்தனையோ லட்சம் பேர் பிழைத்தது அப்படி.

ஆனால் அதிலேயே ஒரு விஷமும் இருந்தது. ஆட்டு மூளையின் நரம்புப் பொருளை நம் உடம்பு எதிரியாக எடுத்துக்கொண்டால், சொந்த நரம்பையே தாக்கும். சிலருக்குக் கைகால் விழுந்தது, சிலர் இறந்தார்கள். செல் வளர்ப்பில் தயாராகும் புதிய ஊசி 1970களிலேயே வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1980களில் மூளை ஊசியைக் கைவிடச் சொன்னது. நம் நாட்டில் காசு உள்ளவருக்குப் புதிய ஊசி, அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவருக்கு ஆட்டு மூளை. 2004 கடைசியில்தான் உற்பத்தி நின்றது. ஆட்டைக் காப்பதும் மனுஷனைக் காப்பதும் ஒரே வேலையாக இருந்த இடம் இது. அதற்கே இத்தனை வருஷம் ஆயிற்று என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

இதையெல்லாம் கேட்டதும் மகள் முகம் மாறியது. "அப்போ ஆடு இல்லைன்னா சித்தப்பா தாத்தா இல்லையா?" "இல்லைம்மா."

போலியோவும் அப்படித்தான். 1955ல் வந்த ஸால்க் தடுப்பூசி குரங்குச் சிறுநீரகச் செல்லில் வளர்ந்தது. அந்தக் குரங்குகளில் பெரும்பகுதி நம் வட இந்தியாவிலிருந்து விமானத்தில் போனவை. தடுப்பூசிக்கும் மருத்துவத்துக்கும் மட்டும் என்று ஒப்பந்தம் இருந்தது. கதிர்வீச்சு ஆயுதச் சோதனையில் பயன்படுத்தினார்கள் என்று தெரிந்ததும் மொரார்ஜி தேசாய் அரசு ஏற்றுமதியை நிறுத்தியது. 1978லிருந்து தடை. (இதே மொரார்ஜிதான் 1977ல் ருக்மிணி தேவியை ஜனாதிபதியாக வரச் சொன்னவர். அவர் மறுத்துவிட்டார்.) இந்தியா போலியோ இல்லாத நாடானது 2014ல். கல்லூரியில் தவளை தப்பித்த அதே வருஷம்.

எங்கள் வகுப்பில் இதில் ஒன்றைக்கூடச் சொல்லித் தரவில்லை. எதற்கு விலங்கு தேவையோ அதன் சரித்திரம் இல்லை. எதற்குத் தேவையில்லையோ அது மட்டும் பிராக்டிகலில் இருந்தது.

மகள் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு நான் தயாராக இல்லை. "உங்க கம்பெனில இப்ப என்ன இருக்கு?"

இருந்தது முயல். குளுக்கோஸ் பாட்டிலில் காய்ச்சலை உண்டாக்கும் பொருள் கலந்திருக்கிறதா என்று பார்க்க, மூன்று முயல்களின் காது நரம்பில் ஏற்றி, மூன்று மணி நேரம் உடல் சூட்டை அளப்பார்கள். சூடு ஏறினால் அந்த பேட்ச் வெளியே போகாது. இப்போது அந்த வேலையை ஒரு சின்னக் குப்பி செய்கிறது. அதில் இருப்பது அமெரிக்கக் கடற்கரையில் பிடிக்கும் குதிரைலாட நண்டின் ரத்த அணுச் சாறு. நண்டின் ரத்தத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு கடலில் விடுகிறார்கள், எல்லாம் பிழைப்பதில்லை. அதற்கும் மாற்றாகச் செயற்கைப் புரதம் வந்துவிட்டது. 2023ல் புதிய மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, விலங்கு இல்லாத முறைகளுக்கும் இந்தியா இடம் கொடுத்திருக்கிறது.

"முயலெல்லாம் எங்க போச்சு?" என்றாள்.

தெரியவில்லை. திங்கட்கிழமை போய் பழைய ஆள் ஒருத்தரிடம் கேட்டேன். குஜராத்தியில் சிரித்துக்கொண்டே, "இத்தனை வருஷத்துல இதைக் கேட்ட முதல் ஆபீசர் நீங்கதான் சாஹேப்" என்றார். பீரோவைத் திறந்து ஒரு நீளப் பேரேட்டை எடுத்தார். ஒவ்வொரு முயலுக்கும் ஒரு எண், எடை, வந்த தேதி, எந்தெந்த நாள் எவ்வளவு சூடு, எல்லாம் அவர் கையெழுத்தில். போன தேதி என்ற கட்டமும் இருந்தது. ஒரு பக்கத்தை அனுமதி வாங்கிக்கொண்டு நோட்டில் எழுதி வந்தேன். மகள் அதைப் பிராஜெக்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். அடுத்த பக்கத்தில் தவளைகள் எத்தனை என்று கேட்டாள். எனக்கு நினைவிருந்தவரை ஆறு என்று சொன்னேன். எழுதிக்கொண்டாள்.